டிராகுலா கட்டுரைக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம்?

கேள்வி: எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன் சார். பிராம் ஸ்டோக்கரோட ‘டிராகுலா’ பத்தி 3000 வார்த்தையில கட்டுரை எழுதணும், தலைப்பை நாங்களே எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. ‘டிராகுலாவில் பெண்கள்’னு எழுதிக் காட்டினேன், ரொம்பப் பெருசா இருக்கு சுருக்கிட்டு வான்னு மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படிச் சுருக்குறதுன்னே தெரியல.
- ஒரு வாசகி

பதில்: உங்க மேடம் சொன்னது சரிதாம்மா. ‘டிராகுலாவில் பெண்கள்’ங்கிறது வெறும் ஊர் பேரு, அந்த ஊர்ல யார் வீட்டுக்குப் போறீங்கன்னு நீங்க இன்னும் சொல்லல. படிக்கும்போது எந்த இடத்துல “இது ஏன் இப்படி?”ன்னு மனசுல உறுத்துச்சோ அதுதான் உங்க தலைப்பு, அதைத் தேடி வெளிய எங்கயும் போக வேணாம்.

எனக்கு உறுத்துன இடத்தைச் சொல்றேன். 1897-ல வந்த இந்த நாவல் முழுக்க டைரி, லெட்டர், தந்தி, பேப்பர் கட்டிங் இதுங்களாலதான் ஓடுது, ரத்தக் காட்டேரியான டிராகுலா தன் வாயால கதை சொல்ற ஒரு அத்தியாயம்கூட கிடையாது. சரி, இதையெல்லாம் ஒண்ணா சேர்த்தது யாருன்னு பாருங்க, மினா, டிராகுலா கோட்டையில மாட்டிக்கிட்ட வக்கீல் ஜோனதனோட பொண்டாட்டி. மனநல மருத்துவமனை நடத்துற டாக்டர் சீவர்ட் தன்னோட டைரியை போனோகிராஃப்ங்கிற அந்தக் கால ஒலிப்பதிவு மெஷின்ல பேசிப் பதிவு பண்ணி வச்சிருக்கார், ஆனா அதுல ஒரு குறிப்பிட்ட இடத்தை எப்படித் தேடி எடுக்கிறதுன்னு அவருக்கே தெரியல. மினாதான் உக்காந்து அத்தனையும் கேட்டு டைப் அடிக்கிறா, அடிச்சு முடிச்சுட்டு, உங்க மனசு படுற வேதனை அந்தக் குரல்ல அப்படியே கேக்குது, இனிமே இதை வேற யாரும் கேக்கவே கூடாதுன்னு சொல்றா. 17-வது அத்தியாயத்துல வர்ற இந்த இடத்தை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

அதுக்கு அடுத்த அத்தியாயத்துலயே, டிராகுலாவை வேட்டையாடுற கூட்டத்தை நடத்துற புரொபசர் வான் ஹெல்சிங் மினாவுக்கு ஆம்பள மூளைன்னு புகழ்றார், ஆனா இனிமே இந்த வேலை அவளுக்கு வேணாம்னும் அவரேதான் முடிவு பண்றார், அன்னிக்கு ராத்திரி ஆம்பளைங்க எல்லாம் டிராகுலாவோட வீட்டைச் சோதனை போடக் கிளம்பிடுறாங்க, டிராகுலா நேரா மினாகிட்ட வந்துடுறான். கடைசியில அவன் ஆத்து வழியாத்தான் தப்பிப் போவான்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறதும் அதே மினாதான். இதுக்கு மேல ஒரு கேள்வி வேணுமா? எல்லா விவரத்தையும் சேர்த்து வச்சவளை ஏன் கூட்டத்துக்கு வெளிய நிறுத்துறாங்க, நிறுத்துனதால என்ன ஆகுது? 3000 வார்த்தைக்கு இது தாராளமா போதும்.

இன்னொண்ணும் இருக்கு, ரத்தம். மினாவோட தோழி லூசியோட ரத்தத்தை டிராகுலா குடிக்க, அவளுக்கு நாலு ஆம்பளைங்க ரத்தம் குடுக்கிறாங்க, ரத்தப் பிரிவு கண்டுபிடிச்சதே 1901-லதான், அதனால பொருந்துமா பொருந்தாதாங்கிற பேச்சே அங்க எழல. மத்தவங்களும் ரத்தம் குடுத்ததை அவளைக் கட்டிக்கப் போற ஆர்தர்கிட்ட மறைக்கிறாங்க, அவர் என்னடான்னா தன் ரத்தம் அவ உடம்புல ஓடுனதால எங்களுக்கு நிஜமாவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைக்கிறார். அருமையான விஷயம்தான், ஆனா மருத்துவ வரலாறு பக்கம் இழுத்துட்டுப் போயிடும், புக்கை விட்டு நகராம எழுத முடியும்னா மட்டும் எடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, சினிமால பார்த்தது எதையும் கலந்துடாதீங்க. நாவல்ல டிராகுலா லண்டன்ல பட்டப்பகல்ல நடமாடுறான், கடைசியில சாகிறதும் கத்தியாலதான், மர ஆப்பால இல்ல.

மினாவை எடுக்கிறதா இருந்தா இந்த வாரம் 17-லேர்ந்து 21 வரைக்கும் பென்சிலோட திரும்பப் படிங்க. 19-வதுல அவளே, இன்னிக்கு என்னை இருட்டுல வச்சிருக்கிறது விசித்திரமா இருக்குன்னு எழுதுறா பாருங்க, உங்க முதல் பாராவை அங்கேர்ந்து ஆரம்பிங்க.