மோதிரமும் மடலும்

கேள்வி: எல்லாச் சபையாரும் கும்பிடுவது ஒரே இயேசுவை, படிப்பது ஒரே பைபிளை. தலைவர்கள் பதவி ஆசையை விட்டால் திருச்சபைகள் நாளைக்கே ஒன்றாகிவிடாதா?

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம். பைபிளே ஒன்று இல்லை. கத்தோலிக்கர் பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் பைபிளில் 66.

பதவி ஆசையே கிடையாது என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டால் நமக்கு யோசிக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான். எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபித்ததை (யோவான் 17) எந்தச் சபை மறுக்கிறது? 'ஒன்று' என்றால் என்ன என்பதில்தான் வழக்கு. பிரிந்தவர்கள் ரோமுக்குத் திரும்பி வருவதே ஒற்றுமை என்றார் போப் பதினோராம் பயஸ், 1928-இல். 1964-இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குரலைத் தணித்தது. போப் இல்லாமலும் முழு ஐக்கியம் உண்டு என்று அதுவும் சொல்லிவிடவில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார், ரோமோடு பிளவு வருவதற்கு முந்தைய ஏழு பொதுச்சங்கங்களின் (ஆயர்கள் கூடிய மாநாடுகளின்) விசுவாசத்துக்கு வாருங்கள் என்கிறார்கள். சுவிசேஷ சபையார் பலருக்கோ, மெய்யான விசுவாசிகள் ஏற்கெனவே கிறிஸ்துவுக்குள் ஒன்றுதான்; நிர்வாகங்களை இணைப்பது வீண் வேலை. (அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டாக உடைகிறார்களே என்று கேட்டுவிடாதீர்கள்.)

சரி, தலைவர்கள் மனம் வைத்தால் போதுமா? வைத்துப் பார்த்தாகிவிட்டது. 1439-இல் பிளாரன்ஸ் நகரில், ஆர்த்தடாக்ஸ் கிழக்கும் கத்தோலிக்க மேற்கும் ஒன்றாகிவிட்டன என்று ஆயர்கள் கையெழுத்தே போட்டார்கள். எபேசு ஆயர் மாற்கு மறுத்துவிட்டார். கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் துறவிகளும் ஜனங்களும் நின்றது அவர் பக்கம். பத்திரம் செல்லாக்காசு ஆயிற்று.

அப்புறம் 1966. ரோமில் போப் ஆறாம் பவுல் தன் விரலில் கிடந்த ஆயர் மோதிரத்தைக் கழற்றி, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராயர் மைக்கேல் ராம்சேயின் விரலில் போட்டார். பதவி ஆசை பிடித்தவர் செய்கிற காரியமா இது? ஆனால் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் செல்லவே செல்லாது என்று 1896-இல் போப் பதின்மூன்றாம் லியோ எழுதிய மடல் இருக்கிறதே, அதை இன்றுவரை யாரும் வாபஸ் வாங்கவில்லை. மோதிரத்தை ராம்சே கடைசிவரை அணிந்திருந்தார். ஒரே பீடத்தில் இருவரும் சேர்ந்து நற்கருணைத் திருவிருந்து நிறைவேற்ற மட்டும் வழியில்லை.