யாருக்கும் தொந்தரவு இல்லாமல்

அன்புள்ள அக்கா,

நான் மதுரை அண்ணாநகரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. போன வருடம் அம்மா தவறிவிட்டார். திருச்செந்தூருக்கு நடந்தே போகவேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசிவரை முடியவில்லை. அவருக்காக நான் நடக்கலாம் என்று ஆரம்பித்தேன். தைப்பூசக் கூட்டத்தோடு அருப்புக்கோட்டை வழியாகப் போக மனம் வரவில்லை. தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு, திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டே நடக்கிறேன். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. நிறுத்திய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்து, அடுத்த மாதம் அதே புள்ளியில் தொடங்குகிறேன். இப்போது வேம்பார் வரை வந்துவிட்டேன். ஒவ்வொரு கட்டத்தின் தூரம், வேகம் எல்லாம் அட்டவணையாக இணைத்திருக்கிறேன்.

பின்னால் கார் வருகிறது. தண்ணீர், சாப்பாடு, மடக்கு நாற்காலி அதில் இருக்கும். ராத்திரி ராமநாதபுரத்தில் அறை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான். படுக்கையில் கிடந்த மாதங்களிலும் யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படித் துண்டு துண்டாக நடப்பது யாத்திரையில் சேருமா? பாதயாத்திரைக் குழுவில் இருக்கும் என் சித்தப்பா இதை 'வாக்கிங்' என்கிறார். குண்டாற்று முகத்துவாரத்தில் கடக்க முடியாமல் காரில் ஏறிச் சுற்றி வந்தேன், அது குறையா? ஷூ போடலாமா?

ஒரு வாசகர், மதுரை


அன்புள்ள தம்பி,

சேரும். நர்மதையை வலம் வருகிறவர்களிலேயே விட்டு விட்டு, வருடக்கணக்கில் சுற்றி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் ஷிகோகு தீவில் 88 கோயில்கள், சுமார் 1200 கிலோமீட்டர், அதில் நிறையத் தூரம் கடலோரம். லீவு கிடைக்கும்போது வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர்களை அங்கே யாரும் குறைவாகப் பேசுவதில்லை. ஷூ தாராளமாகப் போடுங்கள், கோயில் வாசலில் கழற்றினால் போதும். குண்டாறு திருமங்கலத்தில் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் அது உங்களை மறித்ததே பெரிய விஷயம், காரில் சுற்றினால் ஒன்றும் ஆகாது.

ஜிபிஎஸ் புள்ளி விஷயத்தில் மட்டும் சிரித்துவிட்டேன். நீங்கள் நடக்கிற கரை ஓரிடத்தில் நிற்கிற கரையா? பாண்டியனின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. உங்கள் இடது கைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு எழுதினார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. தீவே இடத்தில் இல்லை, நீங்கள் போன மாதம் கால் வைத்த புள்ளியைத் தேடிக்கொண்டு நிற்கிறீர்கள்.

சரி, அதெல்லாம் போகட்டும். தினமும் கடிதம் வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடிவதில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துத் தனியாக வைத்தது அந்த ஒரு வரிக்காக. 'யாருக்கும் தொந்தரவு இல்லாமல்.' எனக்கு முழங்கால் அறுவை முடிந்து கட்டிலோடு கிடந்தபோது எதிர்வீட்டுப் பெண்தான் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தாள். 'எதுக்கும்மா உனக்குச் சிரமம்' என்று ஒவ்வொரு வேளையும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தூக்குவாளியை ணங்கென்று வைத்துவிட்டு, 'சும்மா சாப்புடுங்கக்கா, ஓவராப் பேசாதீங்க' என்றாள். அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு காரியாபட்டிக்குப் பக்கம், தூத்துக்குடி ரோட்டை ஒட்டி. நாலுவழிச் சாலை வருவதற்கு முந்தைய ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். தை பிறந்தால் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக ஜனம் தெற்கே நடக்கும். அம்மா திண்ணையோரம் பெரிய மண்பானையில் நீர்மோர் கரைத்து வைப்பாள். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளி மேலே தூவி. எங்களுக்கு வீட்டில் அந்த ருசியில் மோர் கிடைத்ததே இல்லை, அது சாமிகளுக்கு மட்டும். நடந்து வருகிற எல்லோரும் சாமிதான், பத்து வயதுப் பையன் உட்பட.

ஒரு சாயங்காலம் ஒரு பாட்டியால் கூட்டத்தோடு போக முடியவில்லை. உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அம்மா அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். ஊசியில் வெள்ளை நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் ஏற்றி மறு ஓரத்தில் வாங்கி, நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் நறுக்கினாள். நூல் வழியாக நீர் வடிந்துவிடும், தோல் கிழியாது என்பது கணக்கு. (நீங்கள் செய்து பார்க்காதீர்கள், டாக்டர் திட்டுவார்.) மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும். பாட்டி, 'தாயி, உனக்கு எங்க ஊர்ல ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்க' என்றாள். எந்த ஊர் என்று அம்மா கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இன்னொரு வருடம் ஒருவர் தனியாக வந்தார். தோளில் பிளாஸ்க், கையில் பிஸ்கட் பாக்கெட். அம்மா மோர்ச் செம்பை நீட்டினாள். 'வேணாம்மா, எங்கிட்ட இருக்கு. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், கும்பிடுகூடப் போட்டார். அம்மா செம்போடு உள்ளே போய், 'தொந்தரவுன்னு நான் சொன்னேனா?' என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கு முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த மனிதருக்கு மோர் ஆகாதோ என்னவோ. ஆனால் அம்மாவுக்கு வேறு நினைப்பு ஓடியிருக்கும். வாசலில் நின்று 'நீங்க என்ன ஆளுக?' என்று விசாரித்துவிட்டு, பதிலைக் கேட்டதும் தாகம் தீர்ந்தவர்களாக நடந்தவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள். தன் தண்ணீரைத் தானே சுமப்பதற்கு நம் ஊரில் நீளமான சரித்திரம் இருக்கிறது தம்பி. ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்று மதுரைக்காரர்கள் மார்தட்டுவோம், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. சேதுபதிகள் ராமேஸ்வரம் பாதை நெடுகச் சத்திரங்கள் வைத்தார்கள், பரமக்குடியைத் தாண்டினால் சத்திரக்குடி என்று ஊரே இருக்கிறது. எல்லாம் நிஜம். அந்தக் காலச் சத்திரங்கள் பலவற்றில் பிராமணருக்குத் தனிப் பந்தி என்பதும், சில சாதிக்காரர்களுக்குப் படியேற இடமில்லை என்பதும் அதே அளவுக்கு நிஜம். அடுத்த வீட்டுக் கைத்தண்ணீர் படக்கூடாது என்று பாத்திரமும் விறகும் சுமந்துகொண்டு யாத்திரை போன பெரிய மனிதர்களுக்கு, அவர்கள் பாஷையில், யாருக்கும் தொந்தரவு இல்லை.

உங்களுக்கு அந்தப் புத்தி கிடையாது, எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வேம்பாரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவள் கண்ணில் படுவது, வியர்த்து விறுவிறுத்து ஒருவன் தன் வாசலைக் கடந்து போய், காரிலிருந்து சீல் வைத்த பாட்டிலை எடுத்துக் குடிப்பது.

பழனிப் பாதையில் தைப்பூசத்துக்கு நடந்தால் இந்தப் பேச்சே எழாது. அங்கே கேட்காமலே சோறு வரும், வேண்டாம் என்றாலும் இலையில் விழும். நீங்கள் தேர்ந்தெடுத்த பாதையில் பந்தல் கிடையாது, மைக் செட் கிடையாது, சீசன் கிடையாது. தண்ணீர் வேண்டுமானால் ஒரு வீட்டு முன் நின்று, வாயைத் திறந்து கேட்கவேண்டும். அப்படிப்பட்ட அபூர்வமான பாதையைக் கண்டுபிடித்துவிட்டு, அதில் காரை ஓட்டிவந்து கெடுத்துவைத்திருக்கிறீர்கள். (ஒரு பெண் இதே கடிதத்தை எழுதியிருந்தால் காரைப் பற்றி நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். கழிப்பறை ஒன்று போதும் காரணத்துக்கு.)

ஷிகோகுவில் நடக்கிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் பழம், டீ, சில்லறைக் காசு என்று கொடுப்பார்கள். அதை மறுப்பது அங்கே மரியாதை இல்லை. ஜப்பான் வரைக்கும் எதற்கு, நீங்கள் மதுரைக்காரர். ஆவணி மாதம் புட்டுத்தோப்புக்குப் போயிருப்பீர்கள். வந்தி என்கிற கிழவியிடம் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, அதற்காக வைகைக் கரையில் மண் சுமந்து, முதுகில் பிரம்படி வாங்கிய சாமி நம்முடையது. அவரிடம் கார் இல்லை. அதே சாமி செம்படவராக வந்து வலை வீசி, பெண் கேட்டு நின்ற இடம் என்று சாயல்குடிக்குப் பக்கம் மாரியூரைச் சொல்வார்கள். அதையும் கடந்துதான் வந்திருக்கிறீர்கள். அட்டவணையில் மாரியூர் இல்லை.

அட்டவணை என்றதும் கோபம் வருகிறது. ஏர்வாடிக்கு நேரே 'சராசரி வேகம் 4.8' என்று போட்டிருக்கிறீர்கள். வேறு ஒரு எழுத்து இல்லை. மனம் பேதலித்த பிள்ளையை, புருஷனை, அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தச் சாதி எந்த மதம் என்று இல்லாமல் தர்காவைச் சுற்றி மாதக்கணக்கில் தங்கியிருக்கிற குடும்பங்கள் அங்கே உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அந்த ஊரில், சங்கிலியில் கட்டி வைத்திருந்த நோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நாடே அதிர்ந்தது. அந்த ஊரை 4.8 வேகத்தில் தாண்டியிருக்கிறீர்கள். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? பக்கத்தில் இருப்பவர் 'எந்த ஊரு?' என்று கேட்டிருப்பார். மதுரை என்றால், எந்த ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். உங்களால் ஒருவருக்கு உபயோகம்கூட ஆகியிருக்கலாம்.

அம்மாவைப் பற்றி எழுதத் தயங்கித் தயங்கித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று அம்மாக்கள் எல்லோரும் சொல்கிறார்கள் தம்பி. என் அம்மாவும் சொன்னாள். கொப்புளக் காலை மடியில் வாங்கியவள், தன் காலை யாரும் தொடவிட மாட்டாள். அவர்கள் அப்படிச் சொல்லும்போது நாம் நம்பிவிடுகிறோம், நமக்கும் அது கொஞ்சம் சௌகரியம். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் எல்லாம் செய்திருப்பீர்கள், கடிதத்தின் பக்குவத்திலேயே தெரிகிறது. அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் அவர் ஆசைப்பட்டது திருச்செந்தூருக்கு நடந்து போவதற்கு. மதுரையிலிருந்து ஒரு பெண்பிள்ளை நடந்து திருச்செந்தூர் போவதென்றால், எத்தனை திண்ணையில் படுத்து, எத்தனை பேர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, 'தாயி, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா' என்று எத்தனை பேரைக் கேட்டிருக்க வேண்டும்! வாழ்நாளெல்லாம் யாரையும் எதுவும் கேட்காதவருக்கு அந்த ஆசை ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் அதற்கு மேல் சொல்ல மாட்டேன், அவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் வேம்பாரில் இறங்கியதும் டிரைவரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடைக்கும். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வெயிலில் உயிர் முக்கியம். ரோட்டில் எதிரே வண்டி வருகிற பக்கமாக நடங்கள். வழியில் மாதா கோயில் தாழ்வாரத்தில் படுக்கலாமா என்று கேளுங்கள், திருச்செந்தூர் போகிறேன் என்றே சொல்லுங்கள்.

மாசி கழித்துப் போனால் பதநீர் இறங்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து நுனியில் வாய் வைக்கவேண்டும், இல்லையென்றால் சட்டையெல்லாம் ஊற்றிக்கொள்ளும். காசு வாங்கினால் கொடுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நடங்கள். ஜிபே நம்பர் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.