பழைய கார், உங்கள் கேள்வி: ஹெரால்டின் முன் ஸ்பிரிங்

கேள்வி: எங்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு முன்பக்கம் ஒரு புறம் தாழ்ந்து நிற்கிறது. பட்டறையில், மேலே நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வந்துவிடும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த நடு நட்டில் யாரையும் ஸ்பானர் வைக்க விடாதீர்கள். ஷாக் அப்சார்பரின் தண்டையும் மேல் தட்டையும் பிடித்திருப்பது அதுதான். சக்கரம் தொங்கும்போதுகூட ஸ்பிரிங் அந்தத் தட்டுக்கும் ஷாக்கின் அடித்தட்டுக்கும் நடுவே அழுத்தத்தில்தான் இருக்கும். நட்டு கடைசி மரையை விட்டதும் தட்டும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கிப் பாயும்.

கழற்ற வேண்டியவை தட்டைச் சுற்றியுள்ள மூன்று நட்டுகள். அவற்றையும், ஷாக்கின் அடியைக் கீழ் ஆர்மோடு (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையோடு) இணைக்கும் கீழ் போல்ட்டையும் எடுத்தால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக வெளியே வரும். அதுவரை ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) தேவையில்லை. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் சாய்வதால் கைக்கு நல்ல இடம் கிடைக்கும்.

முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். பின்னால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங் தொய்ந்தாலும் முன்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. உங்கள் ஊர்ப்பக்கம் கரிசல் மண் என்பதால் ஸ்டாண்டின் கால் புதையும். சிமென்ட் தரை இல்லையென்றால் தடித்த இரும்புத் தகடு போடுங்கள். கீழ் ஆர்முக்கு இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். ஆர்ம் கீழே இறங்காமல் தடுப்பது ஷாக்தான். அதை எடுத்ததும் ஆர்ம் தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும்.

நட்டுகள் அங்குல அளவு. 13 எம்எம் ஸ்பானர் அரை அங்குல நட்டில் மாட்டும், ஆனால் 0.3 எம்எம் தளர்வில் நட்டின் முனை தேய்ந்துவிடும்.

அதிகம் தொல்லை தருவது கீழ் போல்ட். ஷாக்கின் அடித்துளையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறப்போடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடால் இரு பக்கமும் அறுத்து எடுத்துப் புது போல்ட் போடுவதே நல்லது. கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டக் கூடாது: ரப்பர் எரியும், உள்ளே எண்ணெய் இருக்கும் ஷாக் வெடிக்கவும் கூடும்.

கட்டைப் பிரிக்கத்தான் கம்ப்ரஸர் வேண்டும். எதிரெதிராக இரண்டு கொக்கிக் கம்ப்ரஸர்களைப் பூட்டி, மாறிமாறி அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளைந்து கொக்கி நழுவும். காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னால் இறுக்கக் கூடாது. இரு முனையிலும் ஸ்பிரிங் தட்டைவிட்டு விலகிக் கையால் சுழலும் நிலை வந்த பிறகே, தண்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றலாம். ஸ்பிரிங்கின் முனை யாரையும் பார்க்க வேண்டாம். லேத்தில் சாதாரண மரைக் கம்பியில் கம்ப்ரஸர் செய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அந்த இரும்பின் மரை இந்தச் சுமையில் உரிந்துவிடும்.

ஸ்பிரிங்குகளை ஜோடியாகவே மாற்றுங்கள். மாட்டும்போது கீழ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது கார் தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

கேள்வி: அம்பாசிடரின் முன் ஸ்பிரிங்குக்கும் இதே முறைதானா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அதற்கு முன்னால் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. காரின் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் முறுகிச் சுமையைத் தாங்குகிறது. ஆபத்து மட்டும் குறையவில்லை: கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுக்காமல் பிரித்தால் ஆர்ம் படாரென்று கீழே அடிக்கும். எடுத்த பாரில் இடம், வலம் குறித்து வையுங்கள், மாற்றிப் போடக் கூடாது. பைப் ரென்ச்சால் கவ்வவும் வேண்டாம். அந்தக் கீறலில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.