காற்றாலைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கையெழுத்து போடலாமா?

கே: எங்கள் பகுதியில் காற்றாலை அமைக்க வந்திருக்கும் நிறுவனம், பள்ளிக்கு வண்ணம் அடித்துத் தருகிறோம், மருத்துவ முகாம் நடத்துகிறோம் என்கிறது. இதை உதவி என்று எடுத்துக்கொள்வதா, வாயை அடைக்கும் வேலை என்று எடுத்துக்கொள்வதா?

ப: இரண்டுமாகவும் இருக்கலாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இப்போது சிரித்துப் பேசும் மேனேஜர் மாற்றலாகிப் போன பிறகும் அந்த உதவி வருமா? வண்ணம் ஒரு தடவை அடிப்பது, காற்றாலை இருபத்தைந்து வருடம் சுற்றப்போவது. அதனால் மனசு வந்தால் தரும் உதவியைவிட கணக்குப் போட்டுத் தரும் தொகை மேல். ஸ்காட்லாந்து அரசின் வழிகாட்டுதலில், காற்றாலைத் திறனில் ஒரு மெகாவாட்டுக்கு வருடத்துக்கு 5,000 பவுண்டு, விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும், காற்றாலை ஓடும் காலம் முழுக்க ஊருக்கு என்று இருக்கிறது. 50 மெகாவாட் என்றால் வருடத்துக்கு 2,50,000 பவுண்டு. இது சட்டம் இல்லை, பரிந்துரைதான், ஆனாலும் அதுவே அங்கே பேச்சுவார்த்தைக்கு அளவுகோலாகிவிட்டது. ஜெர்மனியில் 2021-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, காற்றாலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்குள் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு யூனிட் மின்சாரத்துக்கு 0.2 யூரோ சென்ட் வரை நிறுவனம் தரலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கொடுப்பது லஞ்சக் குற்றமாகாது என்று சட்டத்திலேயே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் சந்தேகம் அவர்களுக்கும் வந்திருக்கிறது!

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நடக்கட்டும். ஆனால் எவ்வளவு, எத்தனை வருடம், யார் கையில், எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுப்பது யார், இந்த நான்கும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும். நான்காவதில்தான் பெரும்பாலும் சண்டை வரும், அதை முன்னாலேயே உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். போனால் வரைபடம் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கிறது. இதற்கு எதற்குக் கூட்டம்?

ப: நியாயமான எரிச்சல். ஆனால் சுவரில் மாட்டிய வரைபடமும் மாறியிருக்கிறது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் மிடில்குருண்டன் காற்றாலைப் பண்ணைக்கு முதலில் போட்ட திட்டம் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள். கரையிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் என்று மக்கள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் 2000-ல் எழுந்து நின்றது லேசாக வளைந்த ஒரே வரிசையில் 20. அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. முதலாளியே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிதானே போகும்? உங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியது: இந்த வரைபடத்தில் எது இன்னும் மாறலாம், எது மாறாது? பதில் வராவிட்டால் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் பணத்துக்குப் பதில் பங்காகவே கேட்கலாமா?

ப: கேட்கலாம், ஆனால் பங்கு என்ற சொல்லைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் காற்று, சூரிய மின் திட்டங்களுக்கு அரசு நடத்திய ஏலத்தில், சுற்றியுள்ள 50 கிலோமீட்டர் பகுதி மக்களுக்கு குறைந்தது 2.5 சதவீதப் பங்கு தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நல்ல நிபந்தனைதான். ஆனால் பங்கு வாங்க ஏழை ஊரிடம் பணம் ஏது? ஊர் அறக்கட்டளைகள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் பங்கு வாங்கின. அப்புறம் வரும் லாபத்தில் பெரும்பகுதி அந்தக் கடனை அடைக்கவே போகும், பல வருடங்களுக்கு ஊர் கைக்கு வருவது சொற்பம். ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, முதல் பணம் எந்த வருடம் வரும் என்றும் கேளுங்கள்.

கே: உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்கிறார்களே?

ப: கட்டும்போது நிறைய, கட்டி முடித்ததும் கொஞ்சம். காவல், புல் வெட்டுவது, சோலார் என்றால் பலகை துடைப்பது, இவை போக டெக்னீஷியன் வேலை. சம்பளம் இருப்பது கடைசியில் சொன்னதில், அதற்குப் பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். சோலார் பலகைகளுக்கு அடியில் புல்லை வெட்டுவதற்குப் பதில் செம்மறியாடுகளை மேய விட்டு, மேய்ப்பவர்களுக்குக் கூலியும் கொடுக்கிறார்கள் சில நாடுகளில். செம்மறி மட்டும்தான். வெள்ளாட்டை விட்டால் பலகை மேலே ஏறி நின்று வயரைக் கடிக்கும்.

கே: தினமும் மாலையில் இறக்கையின் நிழல் வீட்டுக்குள் வந்து வந்து போகிறது, தலை வலிக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

ப: சிரிக்கிறவர்கள் அந்த அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல் இருக்கும். இது கற்பனை நோய் இல்லை, இந்தத் துறைக்கே தெரிந்த விஷயம். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சூரியன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பது கணக்குத்தானே, அதை வைத்து அந்த நேரத்தில் மட்டும் காற்றாலை தானாக நிற்கும்படி செய்ய முடியும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த ஜன்னல் என்று நோட்டில் எழுதுங்கள், செல்போனில் வீடியோவும் எடுங்கள், எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கே: எதிர்த்துப் பேசினால் சுற்றுச்சூழலுக்கே எதிரி என்கிறார்கள்.

ப: நார்வேயில் ஃபோசன் பகுதியில் கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களும் இந்தப் பேச்சு வாங்கியவர்கள்தான். அவர்களது கலைமான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள். 2021 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், கொடுத்த அனுமதி செல்லாது, அவர்களது பண்பாட்டு உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பு சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் இறக்கைகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. உடன்பாடு வந்தது 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும். காற்றில் மின்சாரம் எடுக்கக் கூடாது என்றா அவர்கள் கேட்டார்கள்? எங்கள் மேய்ச்சல் நிலத்தில் எடுக்காதே என்றார்கள்.

கே: குத்தகை முடிந்ததும் நிலம் பழையபடி கிடைக்குமா?

ப: மேலே நிற்பதைக் கழற்றிவிடலாம், அடியில் இருக்கும் கான்கிரீட்தான் பிரச்சினை. எத்தனை அடி ஆழம் வரை தோண்டி எடுப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அந்தச் செலவுக்கு வங்கி உத்தரவாதம் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அதற்குள் நிறுவனம் இரண்டு கை மாறியிருக்கும். வாங்குகிற புது நிறுவனத்தையும் எல்லா நிபந்தனைகளும் கட்டுப்படுத்தும் என்ற வரி இல்லையென்றால், பேனாவை மூடிவிட்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.