ஓடு பொறுக்கவா எம்.ஏ.?

தம்பி, தொல்லியல் எம்.ஏ. சேரணும்னு சொன்னதுக்கு "ஓடு பொறுக்கவா உன்னைப் படிக்க வச்சேன்"னு அப்பா கத்தினதா எழுதியிருக்கீங்க. தேவிபட்டினத்துல வள்ளம், அதான் படகு, வச்சிருக்கிறவர் அப்படித்தான் கேப்பார்.

அவர்கிட்ட அழகன்குளத்தைப் பத்திப் பேசுங்க. வைகை கடல்ல கலக்குற இடம். 1980-கள்ல தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை பலமுறை தோண்டியிருக்கு. ரோமக் காசு, மதுச்சாடியோட உடைஞ்ச ஓடு, தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்து வெட்டின பானை ஓடு எல்லாம் கிடைச்சது. ஒரு ஓட்டுல கப்பலே கீறியிருக்கான்! அந்தப் படத்தைப் போன்ல காட்டுங்க. பாய்மரம் எது, கயிறு எதுன்னு அவரே உங்களுக்குப் பாடம் எடுப்பார். அப்படியே வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு காத்துக் கணக்கையும் கேட்டு எழுதி வைங்க. மானிடவியல்காரங்க செய்யிற வேலையே அதுதான்.

வேலை பத்தின அவர் பயம் மட்டும் நியாயம். இடங்கள் கம்மி. சென்னைப் பல்கலையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலையோ, எங்க சேர்ந்தாலும் கல்வெட்டு படிக்கக் கத்துக்குங்க, கூடவே கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வு, அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வு ரெண்டுக்கும் தயாராகுங்க.

இன்னொண்ணு, அழகன்குளத்துல ஓடு கண்ணுல பட்டா பையில போட்டுக்காதீங்க. கிடந்த இடம் தெரியலைன்னா அது வெறும் ஓடுதான்.