செஸ் ஆட்டத்துல தோத்த ஊரா?

கேள்வி: 2015ல இந்தியாவும் பங்களாதேஷும் துண்டு துண்டா கிராமங்களை மாத்திக்கிட்டாங்களே, அதெல்லாம் ராஜாக்கள் செஸ் ஆடித் தோத்த நிலம்னு வாட்ஸப்ல வந்துச்சு, நெஜமா சார்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கதை ஜோராத்தான் இருக்கும்மா, ஆனா அது செஸ் இல்ல, சண்டை. வங்காளத்துக்கு வடக்கே இருந்த கூச்பெஹார் ராஜாவும் மொகலாயர்களும் மோதி 1713 வாக்குல சமாதானம் ஆனப்போ, எதிராளி எல்லைக்குள்ள யார் ஆளுங்க நிலம் வச்சிருந்தாங்களோ அது அப்படியே அவங்ககிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. வரி யாருக்குக் கட்டணும்ங்கிறதோட விஷயம் முடிஞ்சுது, நடமாட்டத்துக்குத் தடை கிடையாது. வம்பு வந்தது 1947ல. இந்தியா-பாகிஸ்தான் எல்லைக் கோடு போட வந்த பிரிட்டிஷ் வக்கீல் ராட்கிளிஃப் ஜூலை 8 வந்து இறங்குறாரு, ஆகஸ்ட் 17 கோடு வெளிய வந்துருது, அதுவும் அவர் பிரிச்சது பிரிட்டிஷ் மாவட்டங்களைத்தான், கூச்பெஹார் சமஸ்தானம்ங்கிறதால அது அவர் கணக்குலயே இல்ல. 1949ல அது இந்தியாவோட சேர்ந்ததும் பழைய வரி எல்லை நாட்டு எல்லையாயிருச்சு. அந்தப்பக்கம், அதாவது அப்போ கிழக்கு பாகிஸ்தானா இருந்த இன்னைய பங்களாதேஷ்ல, 111 இந்தியத் துண்டு, இந்தப்பக்கம் அவங்களுது 51. இதுல தஹாலா காக்ராபாரின்னு ஒண்ணு, பங்களாதேஷுக்குள்ள இந்தியா, அதுக்குள்ள பங்களாதேஷ், அதுக்குள்ள மறுபடி இந்தியா, என்னடான்னு போய்ப் பாத்தா ரெண்டு ஏக்கர் கூடத் தேறாத சணல் வயல்! சிரிப்பா இருக்கும், ஆனா அந்தத் துண்டுகள்ல இருந்தவங்க, கையில அடையாளக் காகிதம் இல்லாததால, புள்ளைய ஸ்கூல்ல சேக்க வெளியூர்க்காரர் யாரையாவது அப்பான்னு எழுதிக் குடுத்தாங்க.

கேள்வி: கச்சத்தீவு பேச்சு வந்தாலே பெருபாரி பெருபாரிங்கிறாங்களே, அது என்ன?
- ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: அதுவும் இதே கோடு பண்ண வேலைதான். பெருபாரிங்கிறது மேற்கு வங்காளத்துல ஜல்பைகுரி பக்கம் இருக்கிற ஊரு. அங்க ராட்கிளிஃப் எழுதின வாசகத்துல ஒரு தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை) பேரு விட்டுப் போச்சு, மேப்புல ஒரு மாதிரி எழுத்துல ஒரு மாதிரி, உடனே பாகிஸ்தான் பெருபாரி எங்களுதுன்னுச்சு. 1958ல நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் ஆளுக்குப் பாதின்னு பேசி முடிச்சாங்க. 1960ல சுப்ரீம் கோர்ட், நாட்டு நிலத்தைக் குடுக்கணும்னா அரசியல் சட்டத்தையே திருத்தணும்னு சொல்லிருச்சு. கச்சத்தீவுக்கு ஏன் திருத்தலன்னு 2008ல ஜெயலலிதா கேஸ் போட்டது இதை வச்சுத்தான். பெருபாரியைக் கடைசியில குடுக்கவே இல்ல, 1974ல நாமளே வச்சுக்கிட்டோம், பதிலுக்கு பங்களாதேஷ்காரங்க, நம்ம பக்கம் மாட்டிக்கிட்ட அவங்க துண்டான தஹாகிராம் போய்வர, தீன் பிகாங்கிற நம்ம நிலத்துல வழி விடுறதா ஒப்பந்தம், அந்தக் கேட்டைத் தொறக்க 1992 ஆச்சு, தொறந்தும் ஆரம்பத்துல பகல்ல ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம்தான் விட்டாங்க.