புல்லி கீ அடிக்கடி அறுகிறதா? கம்பியை மாற்றும் முன் புல்லித் துளையை (போர்) அளந்து பாருங்கள்

கேள்வி: மாவு மில் நடத்துகிறேன். மிளகாய் அரைக்கும் மெஷினுக்கு 10 எச்பி, 1440 ஆர்பிஎம் மோட்டார். மோட்டார் பக்கத்துப் புல்லியை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் இரும்புத் துண்டு, அதாவது கீ, சில மாதங்களிலேயே மூன்று முறை அறுந்துவிட்டது. சாதாரண இரும்பில் செய்ததுதான் காரணம் என்கிறார் லேத் பட்டறைக்காரர். ஈஎன் 24 என்ற உறுதியான அலாய் ஸ்டீல் கம்பியில் கீ செய்து ஹார்டனிங் போட்ட 'ஸ்பெஷல் கீ' தருவதாக ஸ்பேர் பார்ட்ஸ் ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த கீ அறுகாது, ஆனால் மோட்டார் ஷாஃப்ட்டில் கீ உட்காரும் பள்ளத்தை, அதாவது கீவேயை, தின்றுவிடும். இன்று ஒரு துண்டுக் கம்பியோடு முடிகிற செலவு, நாளை ரோட்டரைக் கழற்றி ஷாஃப்ட் மாற்றும் செலவாகிவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். உங்கள் மோட்டார் முழு லோடில் தரும் முறுக்கு சுமார் 50 நியூட்டன் மீட்டர். இந்த அளவு மோட்டாரின் ஷாஃப்ட் 38 மி.மீ.; அதற்கு கீ 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். ஷாஃப்ட்டின் விளிம்பில் கீ மேல் விழும் விசை சுமார் 265 கிலோ. 70 மி.மீ. நீள கீயை அறுக்க வேண்டுமானால் 10-க்கு 70, அதாவது 700 சதுர மி.மீ. இரும்பை வெட்ட வேண்டும். சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) இரும்பே அதற்கு 17 டன் கேட்கும். ஸ்டார்ட்டிங்கில் முறுக்கு இரண்டரை, மூன்று மடங்கு ஏறினாலும் ஒரு டன்னைத் தொடாது. அரவையில் ஆணி சிக்கினால்கூட பெல்ட்தான் முதலில் வழுக்கும். அப்படியிருக்க கீ அறுகிறது என்றால் இரும்பு பலவீனம் என்பது காரணமாக இருக்க முடியாது. கீ லூசாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும், ஒவ்வொரு லோடு மாற்றத்திலும் சுத்தியல் அடி வாங்குகிறது.

அறுந்த துண்டு கையில் இருந்தால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டு முகத்தில், ஷாஃப்ட்டும் புல்லியும் சந்திக்கும் மட்டத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் படி இருக்கும். ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே நசுங்கியிருக்கும். சுற்றிலும் செங்காவி நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டியிருக்கும். அது வெளியிலிருந்து வந்த துரு அல்ல. இரும்போடு இரும்பு நுணுக்கமாக உரசி உதிர்ந்த தூள். இவை இரண்டும் இருந்தால் புல்லி ஷாஃப்ட்டில் ஆடியிருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இனி அளவு. மோட்டார் கம்பெனி ஷாஃப்ட்டை 38-க்கு மேல் 2 முதல் 18 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கூட வைத்துத்தான் அனுப்புகிறது. புல்லி போர் 38.00-க்கும் 38.025-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கையால் தள்ளினால் 'சர்' என்று உள்ளே போய்க் கடகடவென ஆடும் புல்லியை அங்கேயே நிராகரியுங்கள். புல்லி விற்பவர் சின்னத் துளையோடு விற்பார். 'போரிங் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்' என்பார். லேத்காரர் வெர்னியரை வைத்து 38.1-ல் முடித்து, 'ஈஸியா ஏறும் சார்' என்று பெருமையாகக் கொடுப்பார். மோட்டாருக்கு கியாரண்டி உண்டு, புல்லிக்கு பில் உண்டு. இரண்டும் சேரும் அந்த 80 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நீளத்துக்கு மட்டும் பொறுப்பேற்க ஆளே கிடையாது. கீ, கீவே அளவெல்லாம் ஐஎஸ் 2048 என்ற இந்தியத் தரத்தில் அட்டவணை போட்டுக் கிடக்கிறது. அந்த ஒரே பக்கத்தைத் தமிழில் அச்சடித்து எல்லா லேத் பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் புரியவில்லை.

கம்பிக்கு வருவோம். கீக்குத் தேவை சுமார் 600 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் இரும்பு. ஈஎன் 8 அல்லது சி45 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பின் பிரைட் பார் (பளபளப்பாக இழுத்த கம்பி) போதும். ஷாஃப்ட்டைவிட கீ கடினமாக இருக்கவே கூடாது. தேய வேண்டியது கீ. அதனால் ஹார்டனிங் வேண்டாம், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டுவதும் வேண்டாம்.

ஈஎன் 8 என்று கேட்டால் எம்எஸ் பிரைட் பாரை எடுத்துக் கொடுப்பது இரும்புக் கடைகளில் நடக்கிறது. இரண்டும் ஒரே பளபளப்புதான். முனையில் அடித்திருக்கும் பெயின்ட் நிறத்தை நம்பாதீர்கள். கடைக்குக் கடை நிறம் மாறும், பெயின்ட் டப்பா அவர்களிடமும் இருக்கிறது. இப்போது துப்பாக்கி போன்ற ஒரு கருவியைக் கம்பியில் வைத்து 'பாருங்க, கிரேடு காட்டுது' என்று சொல்லும் இடைத்தரகர்களும் வந்துவிட்டார்கள். அந்த எக்ஸ்ரே கருவி மாங்கனீஸ், குரோமியம் காட்டும், கார்பனைக் காட்டாது. எம்எஸ்ஸுக்கும் ஈஎன் 8-க்கும் முக்கிய வித்தியாசமே கார்பன்தான்! பில்லில் கிரேடு எழுதச் சொல்லுங்கள். ஹீட் நம்பரோடு (இரும்பு உருக்கிய தொகுதியின் எண்) டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் நகல் கேளுங்கள். பட்டறையில் கிரைண்டரில் தொட்டுப் பார்ப்பதும் உதவும்: எம்எஸ் நீளக் கோடாகப் பொறி விடும், ஈஎன் 8 கோட்டின் நுனியில் பூப்பூவாக வெடிக்கும். தெரிந்த எம்எஸ் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

10-க்கு 8 கீ பாராகவே கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஒரு மீட்டர் 630 கிராம்தான், 70 மி.மீ. துண்டாக அறுத்தால் 13 கீ வரும். அது கிடைக்காவிட்டால் 12 மி.மீ. சதுர பிரைட் பார் எடுத்து மில்லிங் போடச் சொல்லுங்கள். பிரைட் பார் குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்தது, உள்ளே இறுக்கம் தேங்கியிருக்கும். ஒரே பக்கமாக இரண்டு மில்லிமீட்டரைச் சுரண்டினால் வில்லாக வளையும். இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கடைசி 0.2 மி.மீ.யை சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் முடிப்பது நல்லது. முடிந்த கீயின் அகலம் 9.964-க்கும் 10.000-க்கும் நடுவில், உயரம் 7.91-க்கும் 8.00-க்கும் நடுவில். மைக்ரோமீட்டரில், இரு முனையிலும் நடுவிலும் பாருங்கள்.

நான்கு நீள ஓரங்களிலும் 0.4 முதல் 0.6 மி.மீ. சாய்வு போட மறக்கக் கூடாது. கீவேயின் அடி மூலையில் சின்ன வளைவு இருக்கும். கீயின் ஓரம் கூராக இருந்தால் அந்த வளைவின் மேல் ஏறி நிற்கும், அடியில் உட்காராது. அப்படியே அடித்து இறுக்கினால் வார்ப்பிரும்புப் புல்லி விரிசல் விடும்.

பொருத்தும்போது: ஷாஃப்ட் கீவேயில் கீ பித்தளைச் சுத்தியலின் மெல்லிய தட்டலில் இறங்க வேண்டும். கீயின் தலையிலிருந்து ஷாஃப்ட்டின் எதிர் முதுகு வரை அளந்தால் 41 மி.மீ. புல்லி போரின் அடியிலிருந்து கீவே உச்சி வரை 41.3. ஆக, மேலே 0.3 மி.மீ. இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பிடிப்பு முழுக்கப் பக்கவாட்டில்தான். 'மேல லூசா இருக்கே' என்று தகரத்தை வெட்டிச் செருகுகிறவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். புல்லி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஆட்டம் போடும். புல்லி வெளியே நகராமல் பிடிப்பது பக்கத்திலிருந்து முடுக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவின் வேலை, கீயின் வேலை அல்ல.

மேலே இறுக்கமாக இருக்க வேண்டிய கீ ஒன்றும் உண்டு. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பழைய ஆயில் இன்ஜின் ஃப்ளைவீலில் தலை வைத்த கீ பார்த்திருப்பீர்கள். அது 100-க்கு 1 சரிவுள்ள ஆப்பு. புல்லியின் கீவேயும் அதே சரிவில் வெட்டப்பட்டிருக்கும். அங்கே பிடிப்பு மேலும் கீழும். பக்கவாட்டில் சற்றே இளக்கமாக இருக்கலாம். நீல மை தடவி, அடித்து, கழற்றி, மை பட்ட இடத்தை அரத்தால் ராவி, நீளம் முழுக்க மை படும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1 மி.மீ. உள்ளே போனால் உயரத்தில் நூறில் ஒரு மி.மீ.தான் இறுகும், அதனால் அவசரப்பட்டு அதிகம் ராவிவிட்டால் கீ முழுக்க உள்ளே ஓடிவிடும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தலைக்கும் புல்லிக்கும் நடுவே கழற்றும் ஆப்பு நுழைய இடம் விடுங்கள். சுற்றும்போது அந்தத் தலை வேட்டியையும் சேலையையும் பிடித்து இழுக்கும். மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். இந்த இன்ஜின் கீயைச் செய்து பழகியவர்கள் மோட்டார் கீயையும் அதே பாணியில் மேலே இறுக்குகிறார்கள். உங்கள் மோட்டாருக்கு அது பொருந்தாது.

வெல்டிங்? ஒரு பொட்டு கூட வைக்க விடாதீர்கள். ஷாஃப்ட் அந்த இடத்தில் கடினமாகி விரிசல் விடும். புல்லியையும் பிறகு கழற்ற முடியாது.

மூன்று முறை அறுந்திருப்பதால் ஷாஃப்ட் கீவேயும் அகன்றிருக்கலாம். உள்ளே, வெளியே இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். 10.05-ஐத் தாண்டியிருந்தால் அகலமான கீ செய்து அடைப்பதைவிட, ஷாஃப்ட்டின் எதிர்ப்பக்கத்தில், 180 டிகிரி தள்ளி, 10 மி.மீ. கீவே ஒன்றைப் புதிதாக மில்லிங் போடுவது நல்லது. புல்லியைப் பழுது பார்க்க மெனக்கெட வேண்டாம். புதிது வாங்கி, மோட்டாரையே பட்டறைக்குக் கொண்டுபோய், அந்த ஷாஃப்ட்டை அளந்து போர் போடச் சொல்லுங்கள். ரசீதில் '38.00 முதல் 38.025' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.